ஒற்றைக்கால் ஆசனம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்டீர் என்னும் மணல்மேட்டுப் பகுதியை 1871ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் நோபல் தம் வெடிமருந்து ஆலைக்காகத் தேர்ந்தெடுத்தார். ஊருக்கு ஒதுக்குப்புறம், குடிசைகளைச் சுற்றி மணற்கரை எழுப்பிவிட்டால் ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்பும். அக்குடிசைகளுள் சிலவற்றில் ஒரு விசித்திரமான மரச்சாமான் இருந்தது. வட்டமான இருக்கை, அதன் நடுவே ஒரே ஒரு கால். முக்காலி என்று சொல்ல வழியில்லை. அதற்கு மூன்று கால் வேண்டும். நம் மொழியில் ஒற்றைக்காலில் நிற்பது தவத்துக்கும் பிடிவாதத்துக்கும் உரியது. அங்கே ஒற்றைக்காலில் உட்கார்ந்தது வயிற்றுப்பாட்டுக்காக. உட்கார்ந்தவர் கண்ணயர்ந்தால் கீழே விழுவார், விழுந்தால் விழித்துக்கொள்வார். அந்த ஆசனத்தின் இலக்கணம் அவ்வளவுதான்.

அவர் முன்னால் ஈயத்தகடு வேய்ந்த பெரிய கலன் ஒன்று இருந்தது. அதற்குள் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவை. அதில் கிளிசரின் சிறுகச்சிறுக விழுந்துகொண்டிருக்கும். அழுத்தக்காற்று அடியிலிருந்து குமிழியிட்டுக் கலக்கும். ஈயக்குழாய்ச் சுருள்களில் குளிர்நீர் ஓடும். வெப்பமானி இருபது டிகிரியைத் தாண்டிச் சில கோடுகள் ஏறினாலே அவர் கிளிசரினைக் குறைக்க வேண்டும். மேலும் ஏறினால் அடியோடு நிறுத்த வேண்டும். மூடியிலுள்ள கண்ணாடி வழியே செம்புகை தென்பட்டால், கலனின் அடிவாயைத் திறந்து எல்லாவற்றையும் கீழே நிற்கும் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டிவிட்டு ஓட வேண்டும். அதுவரை செய்த உழைப்பு தண்ணீரில் போகும், உயிர் மிஞ்சும்.

தானியங்கிக் கட்டுப்பாட்டின் வரலாற்றைப் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதுகிறார்கள்: இந்த ஆண்டு இந்த வால்வு, அந்த ஆண்டு அந்தக் கணினி. ஆசனத்தில் அமர்ந்திருந்த அந்த மனிதர் அறிந்திருந்தவற்றை யாரோ எழுத்தில் பிடிக்க முயன்ற கதையாகவும் அதைப் படிக்க இடமிருக்கிறது. அப்படிப் படிக்கும்போது விபத்துகளின் காரணங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன. நாம் இங்கே அந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல். ரசாயன ஆலைகள் இரு வகை. ஒன்றில் மூலப்பொருள் ஒருபக்கம் நுழைந்துகொண்டே இருக்கும், விளைபொருள் மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை அவ்வகை. மற்றொன்றில் கலனை நிரப்பி, சூடாக்கி, வினை முடியக் காத்திருந்து, ஆற்றி, இறக்கி, கழுவி, மறுபடி நிரப்புவார்கள். ஆங்கிலத்தில் இதை 'பேட்ச்' என்பார்கள். பொறியியல் நூல்கள் 'தொகுதி' என்று மொழிபெயர்க்கின்றன. நம் சமையலறையில் இதற்கு ஏற்கெனவே சொல் உண்டு: ஈடு. முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு முறுக்கு. மருந்துகள், சாயங்கள், பூச்சிக்கொல்லிகள், பிசின்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்றும் ஈடு ஈடாகத்தான் தயாராகின்றன. பாகு காய்ச்சுபவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று தெரியும்: ஒரு நொடி முந்தினால் இளகல், பிந்தினால் கல். ஈட்டில் எந்தக் கணமும் முந்தைய கணம் போல இருப்பதில்லை. தொடர் ஆலையின் கட்டுப்பாடு ஒரு நிலையைக் காப்பது. ஈட்டின் கட்டுப்பாடு ஒரு பயணத்தை நடத்துவது.

பயணம் ஏன் ஆபத்தானது என்பதை 1928இல் ரஷ்ய அறிவியலாளர் நிக்கொலாய் செம்யோனவ் தெளிவான கணக்காக எழுதிக் காட்டினார். வெப்பம் உமிழும் வினையில், வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் தோராயமாக இருமடங்காகும். அடுத்த பத்துக்கு மறுபடி இருமடங்கு. ஆனால் கலனின் சுவர் வழியே வெளியேறும் வெப்பம் வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். ஒன்று பாய்ச்சல், மற்றது நடை. இரண்டு கோடுகளும் பிரியும் இடத்தைத் தாண்டிவிட்டால் எந்தக் குளிர்நீரும் துரத்திப் பிடிக்காது. இதோடு இன்னொரு இக்கட்டும் உண்டு. கலனைப் பெரிதாக்கினால் உள்ளே இருக்கும் சரக்கு நீளத்தின் கனத்தில் பெருகும், குளிர்விக்கும் சுவரோ வர்க்கத்தில்தான் பெருகும். ஆய்வகக் குடுவையில் சாதுவாக இருந்தது ஆலைக் கலனில் வேறு பிராணியாகிவிடுவது இதனால்தான். செம்யோனவுக்கு முன்பே இதன் விலையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1864 செப்டம்பர் 3 அன்று ஸ்டாக்ஹோமின் ஹெலனெபோரியில் நோபல் குடும்பத்தின் நைட்ரோகிளிசரின் கூடம் வெடித்தது. இறந்தவர்களில் ஆல்ஃபிரட்டின் தம்பி எமிலும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபது.

காவல்காரரின் அறிவை முதன்முதலில் கணிதமாகப் பெயர்த்த முயற்சி ரசாயன ஆலையில் நடக்கவில்லை, கப்பலில் நடந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கொலாஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானாகச் செலுத்தும் கருவி பற்றி 1922இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேர்ந்த சுக்கான்காரர் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கவனித்ததிலிருந்து அவர் தொடங்கினார். சுக்கான்காரர் இப்போது கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரமாக அது ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதை நினைவில் வைத்திருக்கிறார். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைக் கொண்டு அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கிறார். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். இன்றும் உலகத்து ஆலைகளில் மிகுதியாகப் பயன்படும் கட்டுப்பாட்டுக் கருவி இந்த மூன்று உறுப்புகளாலானதுதான். முக்காலமும் உணர்ந்தவர் என்று நாம் முனிவர்களைச் சொல்வதை இந்தச் சிறிய பெட்டிக்குச் சொன்னால் அதிகப்படிதான். ஆனாலும் அடிப்படை அதுவே.

ஆலைகளுக்கு அது காற்றின் வடிவில் வந்து சேர்ந்தது. எளிதில் தீப்பற்றும் ஆவிகள் சூழ்ந்த இடத்தில் மின்பொறி ஆகாது. எனவே அழுத்தக்காற்றினால் இயங்கும் கருவிகள். ஒரு நுண்துளை, அதன்முன் அசையும் ஒரு தகடு, காற்றடைத்த சில துருத்திகள். இந்த எளிய பொருள்களைக் கொண்டு 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபாக்ஸ்போரோ நிறுவனம் இறந்தகாலத்தையும் கணக்கில் எடுக்கும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான டெய்லர் எதிர்காலத்தைச் சேர்த்தது. அதே டெய்லரில் பணியாற்றிய ஜான் ஸீக்லர், நதானியல் நிக்கல்ஸ் இருவரும் 1942இல் இந்த மூன்று உறுப்புகளையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு ஆலைப் பொறியாளர் எளிதில் பின்பற்றக்கூடிய விதிகளை வகுத்தார்கள். கணக்கில் தேறாதவரும் கருவியைச் சுருதி சேர்க்க முடிந்தது.

ஆனால் ஈட்டு வேலையில் இந்தக் கருவி ஒரு வேடிக்கையான தவறைச் செய்தது. தொடர் ஆலையில் இறந்தகாலத்தை நினைவில் வைத்திருப்பது நற்பண்பு. ஈட்டில் கலன் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்குகிறது. அடைய வேண்டிய வெப்பநிலைக்கும் இருக்கும் வெப்பநிலைக்கும் நடுவே பெரிய இடைவெளி. நீராவி முழுவதும் திறந்திருக்கிறது, இதற்கு மேல் திறக்க வழியில்லை. ஆனால் கருவியின் நினைவுறுப்பு மட்டும் 'இன்னும் போதவில்லை, இன்னும் போதவில்லை' என்று பாக்கியை ஏற்றிக்கொண்டே போகிறது. கலன் உரிய சூட்டை எட்டிய பின்னும் அந்தப் பழைய பாக்கி தீரும்வரை நீராவியை மூட அதற்கு மனம் வருவதில்லை. அதற்குள் வினை தன் சொந்த வெப்பத்தை உமிழத் தொடங்கியிருக்கும். எல்லை மீறி ஏறும். ஒற்றைக்கால் ஆசனத்துக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஈடு முடிந்து மறு ஈடு தொடங்கும்போது பழையதை மறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கருவிக்கு மறதியைக் கற்பிக்கத் தனியே ஒரு துணையுறுப்பைக் கண்டுபிடித்துப் பொருத்த வேண்டியிருந்தது. நினைவைக் கொடுத்தபின் மறதியைக் கொடுத்தார்கள் என்பதை நாம் மிகவும் ரசித்தோம்.

இடையில் நைட்ரோகிளிசரினுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆசனத்தை ஒழித்தது காவல் காக்கும் எந்திரம் அன்று. ஏறத்தாழ ஒரு டன் சரக்கு இரண்டு மணிநேரம் ஏன் கிடக்கிறது என்று சிலர் கேட்டார்கள். வினை மெதுவானது என்பதால் இல்லை, கலப்பது மந்தமாக இருந்ததால்தான். நன்றாகக் கலந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், எனவே கலனும் மிகச் சிறியதாக இருந்தால் போதும். 1950களில் ஸ்வீடனில் உருவான முறையில் அமிலம் ஒரு குறுகிய கழுத்து வழியே பாயும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் கிளிசரினை இழுக்கிறது. அமிலம் நின்றால் உறிஞ்சல் நிற்கும், கிளிசரினும் நிற்கும். யாரும் வால்வை மூட வேண்டியதில்லை. ஒரு விதியை எழுதிவைப்பதற்குப் பதில் அதைக் குழாயின் வடிவத்திலேயே செதுக்கிவிட்டார்கள். இதைவிட அழகான தானியங்கிக் கட்டுப்பாட்டை நாம் படித்ததில்லை.

எல்லா வினைகளும் இப்படி இணங்கி வருவதில்லை. ஒரே கலனில் இந்த வாரம் ஒரு மருந்து, அடுத்த வாரம் ஒரு சாயம் என்று ஓட்ட வேண்டிய ஆலைகளுக்கு ஈட்டைத் தவிர வழியில்லை. கணினி வந்தபோதும் முதலில் போனது தொடர் ஆலைகளுக்குத்தான். 1959இல் டெக்ஸஸின் போர்ட் ஆர்தர் சுத்திகரிப்பு ஆலை, 1962இல் இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட்டில் சோடா ஆலை. ஈட்டுக் கலன்களில் பற்சக்கரங்களும் சுழலும் உருளைகளும் நேரம் பார்த்து வால்வுகளைத் திறந்துகொண்டிருந்தன. 1970களில்தான் அவற்றின் இடத்துக்கு நிரல் வந்தது. நிரல் என்றால் எழுத்து. இங்கேதான் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அக்கறையுள்ள சிக்கல் தொடங்குகிறது.

ஆலைப் பாதுகாப்பைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய பிரிட்டிஷ் பொறியாளர் ட்ரெவர் க்ளெட்ஸ் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆலையின் பெயரை அவர் சொல்லவில்லை. ஈட்டுக் கலன் ஒன்றைக் கணினி இயக்குகிறது. நிரல் எழுதுபவரிடம் பொறியாளர்கள் சொன்ன அறிவுறுத்தல்: எங்கேனும் கோளாறு தென்பட்டால் எல்லாவற்றையும் இருக்கிறபடியே வைத்துவிட்டு எச்சரிக்கை மணியை அடிக்க வேண்டும். ஒருநாள் கலனில் வினையூக்கி சேர்க்கப்பட்டது. கணினி மேற்கலத்துக் குளிர்நீரைக் கூட்டத் தொடங்கிய அந்தத் தறுவாயில், பற்சக்கரப் பெட்டியொன்றில் எண்ணெய் குறைந்திருப்பதாக ஓர் அறிகுறி வந்தது. கணினி சொன்னதைச் செய்தது. எல்லாவற்றையும் இருக்கிறபடியே வைத்தது. அதாவது குளிர்நீரை அப்போதிருந்த சிறு அளவிலேயே நிறுத்திவைத்தது. ஊழியர்கள் எண்ணெய் விவகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கலன் சூடேறி, பாதுகாப்பு வால்வு திறந்து, உள்ளிருந்தது வெளிக்காற்றில் கொட்டியது.

'இருக்கிறபடியே' என்ற சொல்லின் பொருள் என்ன? நீரின் அளவு இருக்கிறபடியா, கலனின் சூடு இருக்கிறபடியா? சூட்டை அப்படியே வைக்க வேண்டுமென்றால் நீரைக் கூட்டியாக வேண்டும். நீரை அப்படியே வைத்தால் சூடு ஏறும். அறிவுறுத்தியவர்களுக்கு அது இரட்டைப் பொருள் தரும் வாக்கியமாகவே தோன்றியிருக்காது. பழைய பணியாளர் ஒருவரிடம் அதே சொற்களைச் சொல்லியிருந்தால் அவர் குளிர்நீரைத் திறந்திருப்பார், தாம் ஆணையை மீறியதாகவும் நினைத்திருக்கமாட்டார். உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்துக்குப் பக்கம் பக்கமாக ஏன் எழுதினார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படிக்கலாம்.

எழுதியதைத் தவறாகப் படித்ததன் கதை அது. எழுதப்படாமலே விடப்பட்டதன் கதை வட இத்தாலியில் நடந்தது. மிலானுக்கு வடக்கே மேதா என்ற ஊரில் இக்மேசா என்னும் ஆலை. சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் லாரோஷ் குழுமத்தைச் சேர்ந்த ஜிவோதான் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கே ட்ரைகுளோரோஃபீனால் என்ற பொருளை ஈடு ஈடாகத் தயாரித்தார்கள். 1976 ஜூலை 9, வெள்ளிக்கிழமை மாலை ஓர் ஈடு தொடங்கியது. வினை முடிந்தது, கரைப்பானில் பாதியை ஆவியாக்கி எடுக்க வேண்டியிருந்த கட்டத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் எடுக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை விடிந்தது, வார இறுதிக்காக ஆலை மூடப்பட வேண்டிய நேரம். நீராவியை மூடினார்கள், கலக்கியை நிறுத்தினார்கள். வழக்கமாக முடிவில் ஊற்றும் தண்ணீரை ஊற்றவில்லை. கடைசியாகப் பதிவான வெப்பநிலை 158 டிகிரி. விபரீதம் தொடங்க 230 டிகிரியாவது வேண்டும் என்பது அன்றைய அறிவு. நடுவே 72 டிகிரி இடைவெளி. ஆலையைப் பூட்டிக்கொண்டு போனதில் எவருக்கும் உறுத்தல் இருந்திருக்க நியாயமில்லை.

இனி நடந்தது ஒருவரும் எழுதிவைக்காத பக்கம். கலனைச் சூடாக்கிய நீராவி, மின்னுற்பத்திச் சுழலியிலிருந்து வெளியேறியது. வார இறுதியில் மற்றப் பகுதிகள் மூடப்பட்டுச் சுழலியின் சுமை குறைந்ததால், வழக்கமாக 190 டிகிரியில் வரும் அந்த நீராவி 300 டிகிரியை நெருங்கியிருந்தது. திரவம் படும் இடத்தில் சுவர் திரவத்தின் சூட்டிலேயே இருந்தது. திரவ மட்டத்துக்கு மேலுள்ள வெற்றுச் சுவர் மட்டும் நீராவியின் சூட்டை வாங்கிக்கொண்டது. கலக்கி ஓடும்வரை இது பொருட்டில்லை. கலக்கி நின்றதும் அந்தச் சுவரின் சூடு திரவத்தின் மேற்படலத்தில் சில அங்குல ஆழத்துக்கு மட்டும் இறங்கியது. அங்கே, ஏறத்தாழ 180 டிகிரியில், மிக மெதுவாக வெப்பம் உமிழும் இன்னொரு வினை இருந்தது. அதை யாரும் அறிந்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகே அது கண்டறியப்பட்டது; இந்த விளக்கத்தை தியோஃபானஸ் என்ற பொறியியல் அறிஞர் 1981இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தார்.

ஆறரை மணிநேரம் அது தனக்குள் புகைந்துகொண்டிருந்தது. கலனில் தானாகக் குளிர்விக்கும் அமைப்பு இல்லை. ஆசனம் காலியாக இருந்தது. நண்பகல் 12.37க்கு, அழுத்தம் மிகுந்தால் கிழியும்படி வைத்திருந்த தகடு கிழிந்து, கலனில் இருந்தது கூரைக்கு மேல் பீறிட்டது. சுமார் 20 நிமிடம். குளிர்நீரை உள்ளே செலுத்த ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆயிற்று. மேகம் தென்கிழக்கே நகர்ந்து அண்டை ஊரான செவெசோவின் மேல் இறங்கியது. அதில் டையாக்ஸின் என்னும் நஞ்சு கிலோகிராம் கணக்கில் கலந்திருந்தது. முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன; குழந்தைகளின் தோலில் கொப்புளங்கள். மிகவும் பாதிக்கப்பட்ட பகுதியின் 700க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றும் வேலை ஜூலை 26இல்தான் தொடங்கியது. உணவுச் சங்கிலியில் நஞ்சு ஏறாமலிருக்கப் பல்லாயிரம் கால்நடைகளும் கோழிகளும் கொல்லப்பட்டன. உடனடி மனித மரணம் இல்லை என்பதைக் கொண்டு இதைச் சிறிய விபத்து என்பவர்கள் உண்டு. சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியாமலே போனவர்களிடம் அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. இதே பொருளைத் தயாரித்த ஆலைகளில் 1949இல் அமெரிக்காவின் நைட்ரோ என்ற ஊரிலும், 1953இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனிலும், 1968இல் இங்கிலாந்தின் போல்ஸோவரிலும் கலன்கள் கட்டுமீறியிருந்தன. அந்த அனுபவங்கள் இருந்தும், 230 என்ற எண்ணுக்கு இப்பால் என்ன இருக்கிறது என்று பொறுமையாக அளந்து பார்க்கப்படவில்லை. ஐரோப்பியச் சமூகம் 1982இல் பெருவிபத்துத் தடுப்புச் சட்டத்தை இயற்றியபோது அதற்குச் செவெசோவின் பெயரே நிலைத்துவிட்டது.

பின்னர் எழுத்தை ஒழுங்குபடுத்தும் வேலை நடந்தது. அமெரிக்கக் கருவியியல் சங்கத்தின் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் விவாதித்து, 1995இல் ஈட்டுக் கட்டுப்பாட்டுக்கான இலக்கணத்தை வெளியிட்டது. அதன் சாரம் ஒரு பிரிவினை: செய்முறை வேறு, அதை நிறைவேற்றும் கலனும் குழாயும் வேறு. முன்பெல்லாம் இரண்டும் ஒரே நிரலில் பின்னிக் கிடந்தன. ஒரு பொருளின் பக்குவத்தை மாற்ற வேண்டுமென்றால் முழு நிரலையும் பிரித்து மேய வேண்டும். இப்போது மூலச் செய்முறை ஒன்று இருக்கும். ஒவ்வோர் ஈட்டுக்கும் அதிலிருந்து ஒரு படி எடுக்கப்படும். அந்தப் படி அந்த ஈட்டோடு பயணம் செய்து, நடந்ததையெல்லாம் தன்மேல் எழுதிக்கொண்டு ஆவணமாகும். மூலச் சுவடியும் படியும் போல என்று நமக்குத் தோன்றியது. பயனுள்ள இலக்கணம்தான். ஆனால் இலக்கணம் வாக்கியத்தின் அமைப்பைத்தான் திருத்தும், அதில் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துத் தராது.

2007 டிசம்பர் 19 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 என்ற சிறிய நிறுவனத்தின் ஆலை தன் 175ஆவது ஈட்டைத் தொடங்கியது. பெட்ரோலில் சேர்க்கும் மாங்கனீசுச் சேர்மம். சுமார் 9,300 லிட்டர் கொள்ளும் கலன். கட்டுப்பாட்டு அறை இருந்தது, கணினி இருந்தது, அதன் முன் பணியாளரும் இருந்தார். ஆசனம் காலியில்லை. உருகிய சோடியம் வினைபுரியத் தொடங்கும், ஏறத்தாழ 150 டிகிரியில் சூடாக்குவதை நிறுத்த வேண்டும், 180ஐ ஒட்டிக் குளிர்நீரைத் திறக்க வேண்டும். 174 முறை அப்படித்தான் நடந்தது. 42ஆவது ஈட்டிலிருந்து சரக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். குளிர்விக்க நகரக் குழாய்நீர் ஒன்றே வழி. அது தவறினால் மாற்று இல்லை. 175ஆவது ஈட்டில் அது தவறியது. பணியாளர் உரிமையாளர்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

200 டிகிரியை நெருங்கும்போது அங்கே இரண்டாவது வினையொன்று காத்திருந்தது. சோடியம் கரைப்பானோடு மோதும் வினை. முதலாவதைவிட மிகக் கடுமையானது. செவெசோவைப் போலவே இதையும் ஆலைக்காரர்கள் அறிந்திருக்கவில்லை. செய்முறையில் குறித்த வெப்பநிலைக்கு மேலே அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை. திரையிலிருந்த எண்கள் அனைத்தும் மெய். அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்பதற்குப் பக்கம் இல்லை. பிற்பகல் 1.33க்குக் கலன் சிதறியது. நால்வர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். கலனிலிருந்து பதினைந்து மீட்டர் தொலைவில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குள் இறந்தவர்கள் இருவர். ஒருவர் பணியாளர். மற்றவர் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர், ரசாயனப் பொறியியல் பட்டம் பெற்றவர்.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2009இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பரிந்துரைகள் எந்தக் கருவி உற்பத்தியாளருக்கும் எழுதப்படவில்லை. கட்டுமீறும் வினைகளின் ஆபத்தை இளநிலை ரசாயனப் பொறியியல் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க ரசாயனப் பொறியாளர் கழகத்துக்கும் பொறியியல் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்புக்கும் எழுதப்பட்டது. பின்னர் அங்கீகார விதிகளில் அது சேர்க்கப்பட்டது.